அந்த ரோட்டுல யாரு நிப்பா?

எந்த டயர்க் கடைக்குப் போனாலும் முதலில் சைஸ் கேட்பார்கள். அடுத்து எந்தக் கம்பெனி வேண்டும் என்பார்கள். இவர் இரண்டையும் கேட்க மாட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார்.

"எந்த ரோட்டுல ஓட்டுவீங்க? எந்த மாசம் அதிகமா ஓட்டுவீங்க? அந்த ரோட்டுல யாரு நிப்பா?"

முதல் இரண்டுக்கும் எல்லோரும் பதில் சொல்லிவிடுவோம். மூன்றாவதில்தான் திருதிருவென்று முழிப்போம். ரோட்டில் யார் யாரோ நிற்பார்கள், அதற்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் எரிச்சலோடுதான் கேட்டேன். அவர் குனிந்து டயரை முகர்ந்து பார்த்தார். பழைய ரப்பரின் வாசனையே வேறு என்பார்.

தஞ்சாவூரில் நாகப்பட்டினம் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் கடை. அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஊரில் எல்லோரும் டயர்க்காரர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு. கடையில் வாடிக்கையாளர்களுக்கு நாலு நாற்காலி கிடந்தது. அவர் எப்போதும் அடுக்கி வைத்த டயர் மேல்தான் உட்காருவார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பெயிண்ட் குச்சி. அந்தக் குச்சிக்குப் பயந்தே பல பேர் அந்தக் கடைப் பக்கம் போக மாட்டார்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் இருக்கும். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று அதில் தெரியும். அவர் அதைக் கண்ணால் படிக்க மாட்டார். கட்டைவிரலை மெதுவாக நகர்த்தி, புதிதாக எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி தடவிப் படிப்பார். டயர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தால் குச்சியை எடுத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார். அனுமதி எல்லாம் கேட்பது கிடையாது. வண்டி உங்களுடையது, டயர் உங்களுடையது, குறி அவருடையது. மாற்றினால் சரி. மாற்றாவிட்டால் அந்தக் குறியோடு ஊரெல்லாம் சுற்ற வேண்டியதுதான். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது.

இதனால் அவர் பட்ட வம்பு கொஞ்சமா? ஒருமுறை ஏதோ வேலையாக ஒரு பள்ளிக்கூட வாசல் வழியே போனவர், அங்கே நின்ற வேனின் பின் டயர்கள் இரண்டும் மொழுமொழுவென்று தேய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டிலும் குறி போட்டுவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வேன்காரர் நாலு ஆட்களோடு கடைக்கு வந்து நின்றார். இதை எனக்குச் சொன்னதே அந்த வேன்காரர்தான். நான் பல் டாக்டர். கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர் மரப்பு ஊசி போட்ட வாயோடு சொன்னதால் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த வரையில் நடந்தது இதுதான்: ஒருவன் டயர்க்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான். பட்டன் இரண்டு தெறித்திருக்கிறது. அவர் டயர் அடுக்கின் மேல் பாதி தொங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "அழிச்சுக்குங்க. டயரை மாத்தாம அழிச்சீங்கன்னா நாளைக்கும் வந்து போடுவேன். நாளன்னைக்கும் போடுவேன். எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை."

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தப் பண்றது டாக்டர்? ஒவ்வொரு அம்மாவும் இது என்ன குறி, இது என்ன குறின்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. மாத்தித் தொலைச்சேன்," என்றார் வேன்காரர். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, "அவருகிட்டதான் மாத்தினேன். வேற எவனையும் நம்ப முடியலை," என்றார்.

எனக்கு அவரிடம் போக வேண்டிய நேரம் வந்தபோது நான் ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கியிருந்தேன். பழையது என்றாலும் லேசுப்பட்டதல்ல. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். சென்னையில் ஒருவர் ஆசைக்கு வாங்கி, ஓட்டாமலே ஷெட்டில் போட்டு வைத்திருந்ததை வாங்கினேன். பல் டாக்டருக்கு எதற்கு இந்த வண்டி என்று கேட்காதவர்கள் இல்லை. அதிகம் கேட்டது என் அப்பா. நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் நிலபுலத்தோடு இருக்கிறவர். "மாட்டு வண்டி போற ரோட்டுல இது எதுக்கு?" என்றார். அதன் பிறகு அந்த வண்டியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரை அதில் ஒரு நாள் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே இருந்தது. புரட்டாசியில் அவருக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அப்பாவையும் அம்மாவையும் நான்தான் கூட்டிப்போவேன், இந்த வண்டியில்தான் என்று சொல்லிவிட்டேன். அம்மா கெஞ்சிக் கூத்தாடி அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள்.

அதற்கு முன்னால் டயரைக் காட்டிவிடலாம் என்றுதான் போனேன். டயரில் கோடுகள் எல்லாம் ஆழமாக, புதிது மாதிரியே இருந்தன. காற்று சரிபார்த்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கட்டைவிரலால் தடவினார். முகர்ந்தார். நகத்தால் அழுத்திக் காட்டினார். பக்கவாட்டில் காய்ந்த வயல் மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடின.

"ஒம்பது வருஷம் ஆச்சு. ரப்பரு செத்துப் போச்சு, டாக்டரம்மா."

"ஓடவே இல்லையே, அண்ணே. தேயவே இல்லை பாருங்க."

"ஓடாததாலதான் செத்துப் போச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் நாலு டயரிலும் மஞ்சள் குறி விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டயர் விற்பதற்குச் செய்கிற தந்திரம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "வேற கடையில வாங்குங்க. ஆனா நாலும் வாங்குங்க," என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேறு கடைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து நாலு நாள் இன்டர்நெட்டில் படித்தேன். எந்த டயர் வளைவில் எப்படிப் பிடிக்கிறது, எது எத்தனை அடியில் நிற்கிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் புட்டுப் புட்டு வைத்திருந்தார்கள். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் போடுகிற டயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அகலமான மிருதுவான ரப்பர், கோடுகள் மிகக் குறைவு. படத்தைப் போனில் அவரிடம் காட்டி இதுதான் வேண்டும் என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்ல டயரு. காஞ்ச ரோட்டுல இதை அடிச்சிக்க ஆளில்லை. தண்ணி போறதுக்கு இதுல வாய்க்கால் எங்க?"

"மழையில மெதுவாப் போவேன்."

"வடிகால் இல்லாத வயல்ல தண்ணி நின்னா பயிர் அழுகும். இதுல தண்ணி நின்னா நீங்க மிதப்பீங்க. மெதுவாப் போறேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. இந்த வண்டியை மெதுவா ஓட்டவா வாங்கினீங்க?"

"உலகத்துல எல்லாரும் டெஸ்ட் பண்ணிச் சொல்லியிருக்காங்க, அண்ணே."

"நெல்லு மேல ஓட்டிப் பாத்தாங்களா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பேரளம் ரோடுன்னீங்க. புரட்டாசின்னீங்க. குறுவை அறுப்பு. ரோடு பூரா நெல்லுதான் கெடக்கும். அதுல யாரு நிப்பான்னு கேட்டேன், நீங்க இன்னும் சொல்லலை."

இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்தே வரும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்ப்பார்கள். ஈரம் அதிகம் என்றால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுவார்கள். களம் போதாது. தார் ரோடுதான் களம். பாதி ரோட்டை அடைத்து நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து, மழை தூறினால் படுதாவைப் போட்டு மூடி, வெயில் வந்தால் விலக்கிப் பலகையால் தள்ளிவிட்டுக்கொண்டே நிற்பார்கள். நிற்பது பெரும்பாலும் பெண்கள். எங்கள் வீட்டு நெல்லும் அப்படித்தான் காய்ந்தது. யார் நின்று காயவைத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை.

கடைசியில் அவர் சொன்ன டயரைத்தான் போட்டேன். வேகமான வண்டிக்கான டயர்தான், ஆனால் நாலு நேர்க்கோடும் பக்கவாட்டு வெட்டுகளுமாக ஆழமான வாய்க்கால்கள் கொண்டது. மாட்டி முடித்ததும் "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஞாயித்துக்கிழமை வாங்க. புது டயரு, மேல பூச்சு இருக்கும், தேயணும். அப்புறம் ஒரு வேலை இருக்கு," என்றார்.

அந்த வேலை என்னவென்று தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

கடைக்குப் பின்னால் நீளமான ஒரு சிமெண்ட் முற்றம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அவர் ஒரு சாக்கை அவிழ்த்து அதில் நெல்லைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். பதரும் கருக்காயும் கலந்த மட்ட நெல், ரைஸ்மில்லில் இதற்கென்றே வாங்கி வைப்பாராம். அதன் மேல் ஒரு குடம் தண்ணீரைத் தெளித்தார். பிறகு நெல் முடிகிற இடத்தில், ஓரமாக, இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"அந்தக் கோடியிலேருந்து வாங்க. முப்பதுல வந்தாப் போதும். நெல்லுல ஏறினதும் பிரேக் புடிங்க."

"நீங்க தள்ளிக்குங்க."

"நான் இங்கதான் நிப்பேன்."

"அண்ணே, விளையாடாதீங்க. நான் ஓட்ட மாட்டேன்."

"அன்னைக்கு ரோட்டுல நிக்கிறவங்ககிட்டயும் தள்ளிக்குங்கன்னு சொல்லிட்டுத்தான் வருவீங்களா?"

கால் மணி நேரம் வாதாடினேன். அசையவில்லை. போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பினால் முற்றத்தின் கதவைப் பூட்டியிருந்தார். மனுஷனுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, சத்தமாகவே சொன்னேன். கடைசியில் ஆத்திரத்தோடு கோடியிலிருந்து கிளம்பி வந்தேன். நெல்லில் ஏறியதும் பிரேக்கை மிதித்தேன்.

வண்டி நிற்கவில்லை. கால் கீழே பிரேக் கடகடவென்று உதறியது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது யாருடைய வண்டியோ மாதிரி போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் இடது புறமாகச் சுழன்று வந்தது. கண்ணாடியில் அவருடைய வெள்ளை வேட்டி பெரிதாகிக்கொண்டே வந்ததுதான் தெரிந்தது. ஒருவழியாக நின்றது. இறங்கிப் பார்த்தேன். அவர் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நெற்றியில் வியர்வை. அவருக்கும் பயம்தான். பயமே இல்லாத ஆள் என்று நினைத்திருந்தேன், அது தப்பு.

கத்தினேன். இவ்வளவு நல்ல டயரை மாட்டியும் வழுக்குகிறதே, எதற்கு இதை வாங்கச் சொன்னீர்கள் என்று கத்தினேன்.

"நெல்லு மேல எந்த டயரும் நிக்காது, டாக்டரம்மா. அது உருளும். நெல்லைத் தாண்டி ஈரத் தாருக்கு வந்ததும் கப்புன்னு புடிக்கணும்ல, அதுக்குத்தான் இந்த டயரு. நெல்லுல இருக்கிற வரைக்கும் உங்க காலுதான். மறுபடி வாங்க. இந்தத் தடவை பிரேக்கைத் தொடாதீங்க. காலை எல்லாத்துலேருந்தும் எடுங்க. ஸ்டியரிங்கை நேரா புடிங்க. என்னைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க."

ஐந்து தடவை ஓட்டவைத்தார். ஐந்தாவது முறை வண்டி நெல்லின் மேல் நேராக மிதந்து, அவரைத் தாண்டி, சிமெண்டைத் தொட்டதும் அடங்கி நின்றது. அவர் அப்போதுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தார். ஒவ்வொருவருக்கும் இப்படித்தான் நிற்பாராம். ஒருவர் தட்டியும் இருக்கிறார், இடது முழங்காலில் தழும்பு உண்டு. "அது நல்ல டயருதான். ஓட்டினவர்தான் என் மூஞ்சியைப் பாத்துட்டாரு," என்றார்.

எனக்கு ஒரு டீ வரவழைத்தார். குடித்துக்கொண்டே, இப்படி நிற்பதற்கு என்ன காரணம், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று கேட்டேன்.

"எங்கம்மா இருவது வருஷம் ரோட்டுல நெல்லு தள்ளினாங்க. எங்க நெல்லு இல்லை, மிராசு வீட்டு நெல்லு. நானும் கூட நிப்பேன். வண்டி வர்ற சத்தம் கேட்டா என்னை வாய்க்கால் பக்கம் தள்ளிவிட்டுட்டு அவங்க ரோட்டுப் பக்கமா நின்னுக்குவாங்க. ஒவ்வொரு வண்டிக்கும்."

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகலை. வயசாகித்தான் போனாங்க. ஒவ்வொரு வண்டியும் தப்பிச்சுப் போச்சு, அவ்வளவுதான்."

அவர் 'மிராசு வீடு' என்று சொன்னபோது நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபதாம் கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்குக் கிராமத்திலிருந்து கிளம்பினோம். உறவுக்காரர்கள் எல்லாம் வேனில் முன்பே போய்விட்டார்கள். விடியற்காலையில் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. அப்பா பட்டு வேட்டியில் என் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அம்மா பின்னால், மடியில் மாலைப் பெட்டி. பேரளம் தாண்டியதும் ரோடு நேராக, காலியாகக் கிடந்தது. கொஞ்சம் மிதித்தேன். வண்டி உறுமிப் பாய்ந்தது. அப்பா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் வாயோரத்தில் லேசாகச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அதற்காகத்தானே இத்தனை பாடு? இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

வளைவு திரும்பியதும் எதிரே பஸ். பாதி ரோட்டில் நெல், மேலே நீலப் படுதா. பஸ்ஸுக்கு ஒதுங்க இடது பக்கம் திருப்பினேன். படுதாவின் ஒரு முனை மடங்கிக் கிடந்தது, அதிலிருந்து ஈர நெல் ரோடெங்கும் சிந்தியிருந்தது. ஓரத்தில், படுதாவைப் பிடித்து இழுத்தபடி, ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள்.

என் கால் பிரேக்குக்குப் போயிற்று. போன காலைப் பிடுங்கினேன். எல்லாவற்றிலிருந்தும் காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். அவளைப் பார்க்காதே, ரோட்டைப் பார், ரோட்டைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி நெல்லின் மேல் சத்தமில்லாமல் மிதந்தது. அம்மா "முருகா" என்று கத்தினாள். கண்ணாடி ஓரத்தில் ஒரு சிவப்புச் சேலை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. பிறகு டயர்கள் ஈரத் தாரைத் தொட்டன, கப்பென்று பிடித்தன. பிரேக் போட்டிருந்தால் பின்பக்கம் சுழன்று அவளை அடித்து வாய்க்காலில் தள்ளியிருக்கும். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் கீழே விழுந்திருந்தாள். எழுந்து நின்றாள்.

"நிக்கிறா பாரு. ஒண்ணும் ஆகலை," என்றார் அப்பா, திரும்பிப் பார்த்தபடி. "போம்மா. முகூர்த்தம் தப்பிடும். நம்ம பக்கத்து ஆளுங்கதான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

போனேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பிடும்போது அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பொண்ணு பிரேக்கைத் தொடலையே! வேற எவனா இருந்தா கவுத்திருப்பான்." வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். இலையில் வைத்த பாயசம் கூட எனக்கு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்துத் தாம்பூலப் பையோடு டயர்க்காரரிடம் போனேன். ஓடிப்போய்ச் சொன்னேன் என்றுதான் சொல்ல வேண்டும். பஸ், படுதா, பிரேக்கிலிருந்து காலைப் பிடுங்கியது, டயர் பிடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். "நீங்கதான் காப்பாத்துனீங்க, அண்ணே," என்றேன். அவர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டார்:

"அந்தம்மா பேரு என்ன?"

"யாரு?"

"ரோட்டுல நின்ன அம்மா."

"தெரியலைங்க."

"எறங்கலையா?"

"முகூர்த்தத்துக்கு நேரம் ஆயிட்டு… எழுந்து நின்னாங்க, நான் பாத்தேன். அடி எதுவும் இல்லை."

"எறங்காம எப்படித் தெரியும்?"

தாம்பூலப் பையை ஒரு பக்கமாக வைத்தார். எழுந்து வந்து வண்டியின் முன் டயர் அருகே குனிந்தார். குச்சியை எடுத்தார். மூன்று வாரம் கூட ஆகாத டயரில் ஒரு பெரிய மஞ்சள் குறி போட்டார்.

"புது டயருங்க! அதுல என்ன குறை?"

"டயர்ல ஒரு குறையும் இல்லை," என்றார். உள்ளே போய்விட்டார்.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. கிளினிக்குக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் குறியைத் தேய்த்தேன். போகவில்லை. இவர் யார் என்னைக் கேட்க என்று இரண்டு நாள் பொருமினேன். மூன்றாவது நாள், மத்தியானம் வந்த ஆட்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டுப் பேரளம் ரோட்டுக்குப் போனேன்.

அதே வளைவு, அதே நீலப் படுதா. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு. முழங்கையில் துணிக் கட்டு. அன்றைக்கு வந்தது நான்தான் என்று சொன்னேன். காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"வண்டி மேல வரலை, தப்பிச்சேன்னு எழுந்திரிச்சேன். நிப்பீங்கன்னு பாத்தேன். மெதுவாப் போச்சா, சரி நிக்கப்போறாங்கன்னு நெனச்சேன். கண்ணுக்கு மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேம்மா."

நான் அழுதுவிட்டேன். அவள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"அந்த முனையைப் புடிங்க," என்றாள்.

படுதாவின் ஒரு முனையை அவள் இழுக்க, மறு முனையை நான் ரோட்டுப் பக்கமாக நின்று இழுத்தேன். அப்போது ஒரு கார் வந்தது. சத்தம்தான் முதலில் கேட்டது. என்னை ஒட்டிக்கொண்டு போயிற்று. அந்தக் காற்றில் என் துப்பட்டா பறந்தது. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை, நெல்லை மூடுவதிலேயே குறியாக இருந்தாள். மூடி முடித்து, கற்களை எடுத்து வைத்த பிறகு, முழங்கைக் கட்டை அவிழ்த்துக் காயத்தைப் பார்த்தேன். சீழ் கோத்திருந்தது. பேரளத்துக்கு அழைத்துப்போய் மருந்து போட்டுக் கூட்டி வந்தேன். வண்டியில் ஏறும்போதுதான் பெயர் கேட்டேன்.

மறுநாள் டயர்க்காரரிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார். குறியை அழித்துவிடுவார் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. நாலு டயரிலும் காற்று மட்டும் பார்த்து அனுப்பினார். குறி ஐப்பசி மழையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே போயிற்று.

பிறகு அவர் கடையைக் கொடுத்துவிட்டு மகளோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். நான் இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறேன். போன மாதம் டயர் மாற்ற வேறு கடைக்குப் போனேன். ஏசி போட்ட கடை. கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "என்ன சைஸ் மேடம்?" என்று கேட்டார்.

"பேரளம் ரோடு, புரட்டாசி மாசம்," என்றேன். "அஞ்சம்மா நிப்பாங்க."